உரைகல்லும் அணு எண்ணும்

அம்மாவின் பழைய சங்கிலியைப் போட்டுவிட்டு வளையல் எடுக்கப் போயிருந்தோம். கடைக்காரர் சங்கிலியை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்து மூடினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, திரையில் பட்டியல் வந்துவிட்டது: தங்கம் இத்தனை சதவீதம், செம்பு இத்தனை, வெள்ளி இத்தனை, கடைசியில் கொஞ்சம் காட்மியம். “கேடிஎம் வச்சுப் பத்தவச்ச நகைம்மா, அந்தக் காலத்துச் சரக்கு” என்றார்.

பாட்டி காலத்தில் இந்த வேலையைப் பத்தர் உரைகல்லில் செய்தார். கறுப்புக் கல்லில் நகையை ஓர் இழுப்பு, பக்கத்திலேயே மாற்று தெரிந்த தங்கத்தை ஓர் இழுப்பு. இரண்டு கோட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து மாற்றுச் சொல்லிவிடுவார். தேர்ந்த கண்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் கல்லில் தெரிவது நிறம். பெட்டி நிறத்தைப் பார்ப்பதில்லை, எடையையும் பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு தனிமத்தின் அணு எண்ணை அது படிக்கிறது. வெள்ளி 47, காட்மியம் 48. அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். இரண்டும் வெளுப்பு உலோகம்தான், ஆனாலும் பெட்டி ஒன்றை மற்றொன்றாக எண்ணிக் குழம்பவில்லை.

பெட்டிக்கு இந்தத் தெளிவு வந்த கதை கொஞ்சம் நீளம்.

1869இல் ரஷ்யாவின் மெண்டலீவ் தனிமங்களை அணு எடைப்படி வரிசைப்படுத்தி அட்டவணை போட்டார். அன்றைக்கு ஒரு தனிமத்தின் அடையாளம் என்றால் அதன் எடைதான். அட்டவணையில் அதற்குக் கிடைத்த வரிசை எண் பள்ளி வருகைப் பதிவேட்டில் இருக்கும் எண்ணைப் போன்றது, எத்தனையாவது ஆள் என்று மட்டும் சொல்லும். எடைப்படி அடுக்கியதில் ஓரிடம் இடறியது. டெல்லூரியத்தின் அணு எடை 127.6, அயோடினுக்கு 126.9. அப்படியே வைத்தால் அயோடின் முன்னால் போய் ஆக்சிஜன், கந்தகம் வீட்டில் உட்காரும். குணத்தில் அதுவோ குளோரினின் உடன்பிறப்பு. மெண்டலீவ் குணத்தை நம்பி இடத்தை மாற்றி வைத்தார். டெல்லூரியத்தை யாரோ தவறாக நிறுத்திருக்கிறார்கள் என்றும் நினைத்தார். நிறுத்ததில் தவறே இல்லை. மேதைகளின் இந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும்: சொன்ன காரணம் பிழை, செய்த காரியம் சரி. பிறகு 1894இல் ஆர்கான் கிடைத்தபோது அதே வம்பு மறுபடி வந்தது. ஆர்கான் பொட்டாசியத்தைவிடக் கனம். எடைப்படி பார்த்தால், தண்ணீரில் போட்டதும் தீப்பற்றும் பொட்டாசியம், எதனோடும் சேராத மந்த வாயுக்களின் வரிசைக்குப் போக வேண்டும்!

முடிச்சை அவிழ்த்தவர் மோஸ்லி என்ற இங்கிலாந்து இளைஞர். அணுவின் நடுவே மின்னூட்டமுள்ள கரு இருக்கிறது என்று ரூதர்ஃபோர்டு 1911இல் சொல்லியிருந்தார். அந்த மின்னூட்டமும் அட்டவணையின் வரிசை எண்ணும் ஒன்றாக இருக்கலாம் என்று நெதர்லாந்தின் வான் டென் புரூக் ஊகித்தார். அவர் சட்டம் படித்தவர், ஆய்வகத்து ஆள் அல்ல. ஊகத்தை 1913இல் மான்செஸ்டரில் சோதித்துப் பார்த்தவர் மோஸ்லி. காற்றில்லாத குழாய்க்குள் சின்ன வண்டி ஒன்று. அதன்மேல் வரிசையாக உலோகத் துண்டுகள். வண்டியை இழுக்க நூல். ஒவ்வொரு துண்டின் மீதும் எலக்ட்ரான்களைப் பாய்ச்சி, அது உமிழும் எக்ஸ் கதிர்களைப் படத்தகட்டில் பதிந்தார். கால்சியம் தொடங்கித் துத்தநாகம் வரை பத்துத் தனிமங்கள். தகடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியபோது கோடுகள் மாடிப்படியாக இறங்கின. கதிரின் அதிர்வெண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்தால் ஒரு தனிமத்துக்கு ஒரு படி, எல்லாப் படியும் ஒரே உயரம். கோபால்ட் நிக்கலைவிடச் சற்றுக் கனம், ஆனால் படியில் கோபால்ட் 27, நிக்கல் 28. பதிவேட்டு எண்ணாகக் கிடந்தது, கருவில் உள்ள மின்னூட்டத்தின் அளவாக மாறியது. அந்த மின்னூட்டத்தைச் சுமக்கும் துகளுக்குப் புரோட்டான் என்ற பெயர் வந்ததே அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான்.

அந்தத் தகடுகளில் நான் ரசிப்பது கடைசித் தகடு. துத்தநாகத்துக்காக மோஸ்லி வைத்தது பித்தளைத் துண்டு. துத்தநாகக் கோட்டோடு செம்பின் கோடும் வந்து விழுந்தது. கலப்பு உலோகம் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிட்டது. நகைக்கடைப் பெட்டி படிப்பதும் இதே எக்ஸ் கதிர்களைத்தான்; அதன் பூர்வீகம் அந்தத் தகடு.

படிகளைக் கனமான தனிமங்கள் வரை நீட்டியபோது ஆளில்லாத இடங்களும் தெரிந்தன: 43, 61, 72, 75. இன்னும் எத்தனை பாக்கி என்று எடையைக் கொண்டு சொல்ல வழியே இருக்கவில்லை. எண் வந்த பிறகு விரல்விட்டு எண்ண முடிந்தது. 72 கோபன்ஹேகனில் 1923இல் அகப்பட்டது, அதுதான் ஹாஃப்னியம். 61 கிடைக்க 1945 ஆயிற்று. மோஸ்லி எதையும் பார்க்கவில்லை. 1915 ஆகஸ்ட் 10 அன்று, கலிப்போலிப் போர்முனையில் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 27.

எடை ஏன் ஏமாற்றியது என்பது நியூட்ரானும் ஐசோடோப்பும் தெரிந்த பிறகே விளங்கியது. எடையில் புரோட்டானோடு நியூட்ரானும் சேர்ந்திருக்கிறது. நியூட்ரான் கூடினாலும் குறைந்தாலும் தனிமம் மாறாது. நம் காற்றில் உள்ள ஆர்கானில் பெரும்பகுதி, பாறைகளில் இருக்கும் பொட்டாசியம் 40 சிதைந்து உண்டானது. அதனால்தான் சராசரி எடையில் ஆர்கான் பொட்டாசியத்தை முந்துகிறது.

இன்று தனிமங்கள் 118. புதிதாக ஒன்று வேண்டுமென்றால் தேடி அலைவதில்லை, கூட்டல் கணக்குதான். துத்தநாகம் 30, பிஸ்மத் 83, இரண்டும் இணைந்தால் 113. ஜப்பானியர்கள் அப்படி மோதவிட்டே நிஹோனியத்தை உண்டாக்கினார்கள். 2004, 2005, 2012 ஆண்டுகளில் தலைக்கு ஒன்றாக மூன்றே அணுக்கள். கணக்கு சுலபம், கிடைப்பதுதான் அபூர்வம்.

எடையை நம்பக் கூடாது என்பதற்கு நகை உலகிலேயே சாட்சி உண்டு. டங்ஸ்டன் ஏறக்குறைய தங்கத்தின் அடர்த்தியே கொண்டது. அதை உள்ளே வைத்துத் தங்கம் பூசினால் தராசும் தண்ணீரும் ஏமாந்துபோகும். எண்ணோ 74, தங்கத்துக்கு 79. ஆனால் ஒன்று: பெட்டியின் கதிர் நகையின் மேல்தோலைத்தான் படிக்கும், ஒரு தலைமுடியின் பருமன் அளவுக்குக்கூட உள்ளே போய்ப் பார்க்காது. கனமான பழைய நகையை மாற்றப் போகிறவர்கள், உருக்கிய பிறகும் ஒருமுறை பெட்டிக்குள் வைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.