வட்டியே இல்லாத கணக்கில் பணம் போட்ட பெண்கள்... கென்யாவின் சிறுவாட்டுக் கதை!

கடுகு டப்பாவில் சுருட்டி வைத்த ஐம்பது ரூபாய், அரிசிப் பானைக்குள் மறைத்து வைத்த இருநூறு ரூபாய்... வீட்டில் யாருக்கும் தெரியாமல் பெண்கள் சேர்க்கும் இந்தப் பணத்துக்கு நம்மூரில் ‘சிறுவாடு’ என்று பெயர்.

ஆப்பிரிக்க நாடான கென்யாவின் கிராமத்துப் பெண்களும் இப்படித்தான் சேர்த்தார்கள். பத்துப் பதினைந்து பேர் கூடிப் பணம் போட்டு, முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும் குழுக்களும் அங்கே உண்டு. அதற்கு ‘சாமா’ என்று பெயர். நம்மூர் சீட்டேதான்!

ஆனால், சிறுவாட்டுக்கு ஒரு சிக்கல் உண்டு. பணம் இருப்பது தெரிந்துவிட்டால் கணவர் கேட்பார், மாமியார் கேட்பார், உறவுக்காரர் கைமாற்று கேட்பார். ‘இல்லை’ என்று சொல்ல முடியாது. கடைக்குச் சரக்கு வாங்க வைத்திருந்த பணம் அப்படியே கரைந்துவிடும்.

வட்டி கிடையாது... ஆனாலும் போட்டார்கள்!

மேற்கு கென்யாவில் பூமாலா என்றொரு சிறிய சந்தை ஊர். பொருளாதார ஆய்வாளர்கள் பாஸ்கலின் துபா, ஜோனதன் ராபின்சன் இருவரும் அங்கே ஒரு சோதனை நடத்தினார்கள். சந்தையில் வியாபாரம் செய்பவர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, ஊர் வங்கியில் கணக்கு தொடங்க வழிசெய்தார்கள். அந்த வியாபாரிகளில் பெரும்பாலானவர்கள் பெண்கள்.

அந்தக் கணக்கில் வட்டி ஒரு காசுகூடக் கிடையாது. போதாக்குறைக்கு, பணம் எடுக்கும்போதெல்லாம் கட்டணம் வேறு. அதாவது, 100 ஷில்லிங் போட்டால் திரும்பக் கைக்கு வருவது அதைவிடக் குறைவு! ‘இதில் யார் பணம் போடுவார்கள்?’ என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால், கணிசமான பெண்கள் போட்டார்கள். முன்பைவிட அதிகம் சேமித்தார்கள். வியாபாரத்தில் போடும் முதலும் கூடியது, தங்களுக்கென்று செய்துகொள்ளும் செலவும் கூடியது. அதே ஊரில் சைக்கிள் டாக்ஸி ஓட்டும் ஆண்களுக்கும் இதே கணக்கு கொடுக்கப்பட்டது. (அந்த வண்டிக்கு அங்கே ‘போடா போடா’ என்று பெயர்!) அவர்களிடம் இப்படியொரு மாற்றம் தெரியவில்லை. 2013-ல் வெளியான இந்த ஆய்வு சொன்ன சேதி எளிமையானது. அந்தப் பெண்களுக்குச் சேமிக்கத் தெரியாமல் இல்லை. பத்திரமாக வைக்க ஓர் இடம்தான் இல்லை.

நம்ம பைசா, அங்கே ‘பெசா’

அந்த இடம், போன் வழியாக நாடு முழுக்கக் கிடைத்தது. 2007 மார்ச் மாதம் சஃபாரிகாம் நிறுவனம் ‘எம்-பெசா’ சேவையைத் தொடங்கியது. ஆரம்ப முயற்சிக்கு பிரிட்டன் அரசின் சர்வதேச வளர்ச்சித் துறையும் நிதி கொடுத்தது. ‘எம்’ என்றால் மொபைல். ‘பெசா’ என்றால் சுவாஹிலி மொழியில் பணம். நம்ம ‘பைசா’தான் கடல் கடந்து அங்கே பெசா ஆனது. 1920 வரை அங்கே ரூபாய்தான் புழக்கத்தில் இருந்தது!

இதற்கு ஸ்மார்ட்போன் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். சாதாரண பட்டன் போன் போதும். முக்குக் கடையில் இருக்கும் ஏஜென்ட்டிடம் ரொக்கத்தைக் கொடுத்தால், அது போனில் ஏறிவிடும். எடுக்க வேண்டுமென்றால் ரகசிய பின் நம்பர் வேண்டும். அதுவரை நகரத்தில் வேலை பார்ப்பவர்கள், ஊருக்குப் போகும் பஸ் டிரைவரிடமோ தெரிந்தவர்களிடமோ பணத்தைக் கொடுத்தனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்ததா என்று தவித்துக்கொண்டிருந்தார்கள்.

எம்-பெசாவின் விளைவுகளை தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் இருவரும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். பயிர் பொய்த்தாலோ, வீட்டில் யாராவது நோயில் படுத்தாலோ, எம்-பெசா இல்லாத குடும்பங்களின் செலவு 7 சதவிகிதம் சுருங்கியது. எம்-பெசா வைத்திருந்த குடும்பங்களில் அப்படிச் சுருங்கவில்லை. தெரிந்தவர்களிடமிருந்து உடனே பணம் வந்து சேர்ந்ததுதான் காரணம்.

2016-ல் வெளியான அடுத்த ஆய்வு இன்னும் பெரிய கணக்கைச் சொன்னது. எம்-பெசாவால் சுமார் 1,94,000 குடும்பங்கள் வறுமையிலிருந்து மீண்டன. இது கென்யக் குடும்பங்களில் 2 சதவிகிதம். பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்களில்தான் பலன் அதிகம். சுமார் 1,85,000 பெண்கள், வயிற்றுப்பாட்டு விவசாயத்தைவிட்டு வியாபாரத்தை முக்கியத் தொழிலாக எடுத்துக்கொண்டார்கள்.

ஏழரையும் வந்தது!

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால், பணம் வந்த அதே போனில் கடனும் வந்தது. 2012-ல் தொடங்கிய ‘எம்-ஷ்வாரி’ சேவையில் ஒரு மாதக் கடனுக்குக் கட்டணம் 7.5 சதவிகிதம். வங்கிப் படியேற முடியாத ஒரு பெண்ணுக்கு அவசரத்துக்குக் கை கொடுக்கும்தான். ஆனால், இதே கடனை மாதாமாதம் புதுப்பித்தால், ஒரு வருடத்தில் வாங்கிய தொகையில் 90 சதவிகிதம் கட்டணமாகவே போய்விடும்.

பின்னாலேயே கடன் ஆப்கள் வரிசைகட்டி வந்தன. பணம் கட்டத் தவறியவர்களின் போனில் இருக்கும் நம்பர்களுக்கெல்லாம் கூப்பிட்டு மானத்தை வாங்கிய ஆப்களும் உண்டு. 2021 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி, இந்த நிறுவனங்களுக்கு உரிமம் கட்டாயம் என்று கென்யா கொண்டுவந்தது.

பூமாலா சந்தைப் பெண்கள் கேட்டது கடன் அல்ல. தங்கள் பணம் தங்களிடமே தங்க ஓர் இடம். ஏழைப் பெண்களுக்கென்று திட்டம் போடும் அரசுகளும் உலக அமைப்புகளும் எத்தனை பேருக்குக் கணக்கு தொடங்கினோம், எத்தனை பேருக்குக் கடன் கொடுத்தோம் என்று கணக்குக் காட்டுகின்றன. அதோடு இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும்.

அந்தப் போன் யார் கையில் இருக்கிறது? அதன் பின் நம்பர் யாருக்குத் தெரியும்?