வழுவை எடுத்துரைக்கும் வகை

தவறு நேராத பொறி உலகில் இல்லை. நேர்ந்த தவறு இன்னதென்று பொறி எவ்வாறு எடுத்துரைக்கின்றது என்பதைப் பொறுத்தே சில வேளைகளில் மனிதனின் உயிர் நிற்கின்றது. 1986ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு துயரம் இதற்குச் சான்றாகும்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டைலர் என்றொரு நகர் உண்டு. அங்குள்ள புற்றுநோய்ச் சிகிச்சை நிலையம் ஒன்றில், கணினியால் இயங்கும் தெராக்-25 என்னும் கதிர்ச் சிகிச்சைப் பொறி பயன்பட்டு வந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் ஒரு நாள், நோயாளிக்குக் கதிர் செலுத்தத் தொடங்கியதும் பொறி நின்றது. 'பழுது 54' என்ற பொருளில் ஒரு குறிப்பு மட்டும் திரையில் தோன்றிற்று. பொறியை இயக்கியவர் இத்தகைய தடைகளை அடிக்கடி கண்டு பழகியவர். செலுத்திய அளவு குறைவென்றே திரையும் காட்டிற்று. எனவே, தொடர்வதற்குரிய விசையை அவர் அழுத்தினார். உண்மையில் நோயாளியின் உடலிற் பாய்ந்தது வேண்டிய அளவினும் பன்மடங்கு மிகுந்த கதிர். சில மாதங்களில் அவர் இறந்தார். ஏப்ரல் மாதத்தில் அதே நிலையத்தில் அதே எண் மீண்டும் தோன்றியது, இன்னொருவரும் மாண்டார்.

54 என்பதன் பொருள் யாது? இயக்குவோரின் கைந்நூலில் அதற்கு விளக்கம் இல்லை. அளவு மிகுந்தாலும் குறைந்தாலும் அதே எண்ணே தோன்றும் என்பது பின்னரே வெளியாயிற்று. கேட்டின் வேர் செய்நிரலில் இருந்த பிழையே. முந்திய பொறிகளில் இருந்த இயந்திரக் காப்புகளை நீக்கியமையும் ஒரு காரணம். ஆயினும், கையைத் தடுத்திருக்கக்கூடிய கடைசி எச்சரிக்கை ஊமையாய் நின்றது.

செய்நிரல்கள் எண்ணாற் பேசுவது ஏன்? கணினிக்கு எண் எளிது. யுனிக்ஸ் முறைமையில், தேடிய கோப்பு இல்லையாயின் 2 என்ற எண் கிடைக்கும். சி மொழியின் நூலகத்திலுள்ள ஒரு சிறு பகுதி அதனை 'அத்தகைய கோப்பு இல்லை' என்ற பொருளுடைய வாக்கியமாக மாற்றித் தரும். எந்தக் கோப்பு என்பதை அவ்வாக்கியமும் சொல்லாது.

இக்குறையைப் போக்கவே வழுச் செய்திகளை அமைக்கும் சிறு நூலகங்கள் எழுந்தன. இவை கந்தோர்களில் உள்ள அச்சிட்ட படிவங்களைப் போன்றவை. வாக்கியம் ஒரு முறை எழுதப்படும்; அதில் வெற்றிடங்கள் விடப்படும். வழு நேர்ந்ததும் நூலகம் அவ்விடங்களை நிரப்பும். '12ஆம் வரி: வயது இலக்கத்தில் இருத்தல் வேண்டும், பத்து என்று சொல்லில் எழுதப்பட்டுள்ளது' என்று செய்தி வருமாயின், நேர்ந்த இடம், வேண்டியது, கிடைத்தது ஆகிய மூன்றும் விளங்கிவிடுகின்றன, திருத்தும் வழியும் தானே தோன்றுகின்றது.

மொழிபெயர்ப்பில் ஒரு நுட்பம் உண்டு. ஆங்கிலத்தில் வினை முன்னும் கோப்பின் பெயர் பின்னும் வரும். தமிழில் வினை இறுதியில் நிற்கும். ஆதலின், வெற்றிடங்களுக்கு வரிசை எண்ணோ பெயரோ இடப்படல் வேண்டும். எப்பெயர் வருமென்று முன்னரே தெரியாமையால், அதனோடு வேற்றுமை உருபை நேரே ஒட்டவும் இயலாது. 'என்னும் கோப்பைத் திறக்க இயலவில்லை' என்று அமைத்தால் எப்பெயரும் பொருந்தும்.

செய்தியின் தரத்தை வேறுபடுத்துவதும் நூலகத்தின் கடமையே. சிறு தடையும் பெரும் ஆபத்தும் ஒரே குரலிற் பேசினால், கேட்பவர் இரண்டையும் புறக்கணிப்பர். டைலர் நகரில் நிகழ்ந்தது அதுவே.