பாடம் கேட்டலும் வகுப்பறை நெறியும்

கல்லூரியில் இலக்கியப் பாடம் தொடங்கும்பொழுது மாணவர்க்குச் சில விதிகள் அறிவிக்கப்படுகின்றன. உரிய நேரத்தில் வருதல், பாடப்பகுதியை முன்னரே படித்து வருதல், கலந்துரையாடலில் பங்கு கொள்ளுதல், கட்டுரைகளைத் தாமே எழுதிக் குறித்த நாளில் அளித்தல் என்பன அவற்றுள் முதன்மையானவை. இவை மேலைக் கல்விமுறையின் வழி வந்தவை எனக் கருதப்படுவதுண்டு. ஆயின், பவணந்தி முனிவர் கி.பி. 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் இப்பொருளை முறைப்படுத்திக் கூறியுள்ளது. அதனை இன்றைய விதிகளோடு ஒப்பிட்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூல், ஆசிரியர், பாடம் சொல்லும் முறை, மாணாக்கர், பாடம் கேட்கும் முறை என ஐந்து கூறுகளைப் பொதுப்பாயிரம் விளக்குகிறது. மாணாக்கர் காலந்தவறாது சென்று, ஓவியப் பாவை போல அடங்கியிருந்து, கேட்டவற்றை உள்ளத்தில் இருத்த வேண்டும் என்பது அதன் விதி. இதனை மட்டும் கொண்டு, மரபுக் கல்வி வாய்மூடிக் கேட்கும் கல்வி என முடிவு செய்தல் பொருந்தாது. கேட்டவற்றைச் சிந்தித்தல், மீண்டும் ஆசிரியரை அடுத்துக் கேட்டல், உடன் பயில்வோரோடு பழகுதல், வினாவுதல், பிறர் வினாவியவற்றிற்கு விடை கூறுதல் ஆகியவற்றையும் நன்னூல் மாணாக்கர் கடனாக வகுக்கிறது. அடக்கம் கேட்கும் வேளைக்கு உரியது. வினா பயிலும் வேளைக்கு உரியது.

கல்வி நிறைவுறும் அளவையும் நன்னூல் பகுத்துக் காட்டுகிறது. ஆசிரியர் உரைத்ததை நன்கு உணர்ந்துகொண்டாலும் மாணாக்கர் பெறுவது காற்பங்கே. உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு கிடைக்கும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைப்பதால் வருவது.

இவ்வளவுகோலால் இன்றைய நடைமுறையை மதிப்பிடலாம். பல பல்கலைக்கழகங்களில் தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டப்படுகிறது. வருகைப்பதிவு உறுதி செய்வது முதற் காற்பங்கிற்குரிய வாய்ப்பை மட்டுமே. எஞ்சிய முக்காற்பங்கு, வகுப்பில் உரையாடலுக்கும் மாணவர் எடுத்துரைப்பிற்கும் ஒதுக்கப்படும் நேரத்தைப் பொறுத்தது. பாடப்பகுதியைப் படித்து வருக என்னும் விதியின் பயனும் இங்கே விளங்கும். படியாதவர் உரையாடலில் தாமும் பெறுவதில்லை, பிறர்க்கும் தருவதில்லை.

கட்டுரை எழுதுதலும் எடுத்துரைத்தலின் ஒரு வடிவமே. பிறர் எழுத்தைத் தமதாக்கிக் கொள்வதைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டில் ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. தண்டனை அச்சம் ஒருபுறமிருக்க, பிறர் எழுதியதையோ கணினி ஆக்கித் தந்ததையோ தமதென அளிப்பவர் நன்னூற் கணக்கின்படி கல்வியில் அரைப்பங்கை இழக்கிறார். இவ்விழப்பை மதிப்பெண் ஈடு செய்யாது.

உ.வே. சாமிநாதையரின் வாழ்வு இதற்குத் தக்க சான்று. அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார். திருவாவடுதுறை மடத்தில் தாமும் பிறர்க்குப் பாடம் சொன்னார். அப்பயிற்சியோடு 1880இல் கும்பகோணம் கல்லூரி ஆசிரியரானார். மரபுவழிப் பாடம் கேட்டல் கல்லூரி வகுப்பறைக்குள் புகுந்த வழிகளுள் இதுவும் ஒன்று.

எனினும், நன்னூல் கூறுவன அனைத்தையும் இன்று கொள்ளுதல் இயலாது. பிணியாளரையும் மந்த அறிவினரையும் அது மாணாக்கராகக் கொள்வதில்லை. பொதுக்கல்வி எவரையும் அவ்வாறு விலக்குதல் கூடாது. கற்போர் ஏற்கும் வகையறிந்து கற்பிக்க வேண்டும் என ஆசிரியர்க்கு அந்நூலே வகுக்கும் கடமை இங்குத் துணை நிற்கும். ஐதராபாத்தில் நாச்சாரத்தை அடுத்த தார்நாகாப் பகுதியில் அமைந்துள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் போன்ற பன்மொழிச் சூழலில் இக்கடமை மேலும் இன்றியமையாதது. வெவ்வேறு தாய்மொழியினர் ஒரே பாடலைப் படிக்கும்பொழுது, வாய் திறவாதவர் படிக்காதவர் என முடிவு செய்தல் பிழையாகும்.

ஆகவே, வகுப்பறை விதிகள் மாணவர்க்கு மட்டும் உரியன அல்ல. வருகையை வேண்டும் ஆசிரியர் உரையாட நேரம் தருதல் வேண்டும். சொந்த எழுத்தை வேண்டுபவர் அதனைப் படித்துத் திருத்தித் தருதல் வேண்டும். இருபாலும் கடன் நிறைவேறும்பொழுதே பாடம் கேட்டல் முழுமை பெறும்.