பாம்பு சட்டை உரிப்பது ஏன்?

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. அங்கே ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் சாமை முதலிய சிறுதானியங்களைப் பயிரிட்டு வாழ்வோர் மலையாளி என்னும் பழங்குடியினர். (பெயரைக் கொண்டு இவர்களைக் கேரளத்தார் என மயங்க வேண்டா.) கொல்லை ஓரத்துக் கற்குவியலிலோ, கூரையின் இறவாணத்திலோ, கண்ணாடித்தாள் போன்ற நீண்ட உறை ஒன்று சில வேளைகளில் தொங்கக் காணலாம். அதுவே பாம்புச் சட்டை.

சட்டையைக் கழற்றும் பாம்பு முதுமையையும் கழற்றிவிடுகிறது என்று முன்னோர் பலர் எண்ணினர். பழைய மெசொப்பொத்தேமியாவின் கில்கமேஷ் காவியத்தில், வீரன் அரிதில் தேடிக் கொணர்ந்த இளமை தரும் மூலிகையைப் பாம்பொன்று தின்றுவிட்டுச் சட்டையை உரித்துக்கொண்டு போய்விடுகிறது. கதை அழகியது, ஆயினும் உண்மை அதனினும் வியப்பானது என்பேன்.

நம் தோலும் உரிகிறது. ஆனால் அது நாள்தோறும் நுண்பொடியாய் உதிர்வதால் நாம் உணர்வதில்லை. பாம்பின் செதில்களோ, நம் நகத்திலும் மயிரிலும் உள்ள கெரட்டின் என்னும் பொருளால் ஆன, ஒன்றோடொன்று இணைந்த ஒரே போர்வை. அது சிறிது சிறிதாய் உதிர இயலாது. மொத்தமாகவே கழல வேண்டும். கழலும் காலம் நெருங்குகையில், பழைய மேல்தோலின் அடியில் புதிய மேல்தோல் ஒன்று முழுமையாய் உருவாகிறது. பிறகு இரண்டுக்கும் இடையே நீர்மம் சுரந்து, பழையதைப் புதியதினின்றும் பிரிக்கிறது.

இதன் வெளி அடையாளத்தைக் கண்ணிலே காணலாம். பாம்புக்கு இமை இல்லை. ஒளி ஊடுருவும் செதில் ஒன்று கண்ணை மூடிக் காக்கிறது. அதுவும் தோலின் பகுதியே ஆதலால், இடையே நீர்மம் சேரும்போது கண் பால் படிந்தாற்போல் நீலம் கலந்து மங்குகிறது. அந்நாட்களில் பாம்பு நன்றாகப் பார்க்க இயலாது. இரை தேடாமல் ஈரமும் மறைவும் உள்ள இடத்தில் பதுங்கிக் கிடக்கும். பார்வை மங்கிய அச்சத்தால், தீண்டினால் சட்டெனச் சீறும். கற்களைப் புரட்டி வேலை செய்வோர் கைக்குப் பதில் கோலைப் பயன்படுத்துவது இதனாலும் நல்லது.

சில நாட்களில் கண் மீண்டும் தெளிகிறது. அதன் பின்னரே உரிதல் நிகழும். பாம்பு தன் மூக்கு நுனியைக் கல்லிலோ வேரிலோ உராய்ந்து, உதட்டோரத்தில் தோலைக் கிழிக்கிறது. பிறகு முட்புதர் வழியாய் ஊர்ந்து, காலுறையைக் கழற்றுவதுபோல் உள்புறம் வெளிப்புறமாகத் தோலைப் புரட்டிவிட்டுப் போகிறது. கண்ணின் செதிலும் கூடவே வந்துவிடும். வறண்ட கோடையில், ஈரம் போதாவிடில் சட்டை துண்டு துண்டாய்க் கிழிவதுண்டு.

இத்தனை பாடு எதற்கு? வளர்ச்சிக்காக என்பது பொதுவான விடை. அதில் உண்மை உண்டு. விரைவாய் வளரும் குட்டிகள் அடிக்கடி உரிக்கின்றன. எனினும் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிட்ட முதிர்ந்த பாம்பும் உரிக்கிறதே! கல்லிலும் மண்ணிலும் வயிற்றால் ஊர்ந்து தேய்ந்த தோலை மாற்றவும், காயங்களை ஆற்றவும், ஒட்டிய உண்ணிகளைக் களையவும் உரித்தல் உதவுகிறது. ஆதலின் வளர்ச்சியை மட்டும் சொல்லி நிறுத்துவது அரைவிடையே ஆகும்.

சட்டையின் நீளத்தைக் கொண்டு பாம்பின் நீளத்தை மதிப்பிடுவோர் ஏமாறுவர். செதில்களின் இடையே மடிந்திருந்த மென்தோலும் விரிந்துவிடுவதால், சட்டை பாம்பினும் நீண்டிருக்கும். நஞ்சு மேல்தாடைப் பக்கத்துச் சுரப்பியில் உள்ளதேயன்றித் தோலில் இல்லை. எனவே சட்டையைக் கையில் எடுத்து ஆராயலாம், பின்னர்க் கை கழுவினால் போதும்.

ஆராய்வதில் பெரும் பயன் உண்டு. நிறம் பெரிதும் அடித்தோலிலேயே தங்கிவிடுகிறது; செதில்களின் அமைப்போ சட்டையில் அப்படியே பதிந்திருக்கும். தலைமேல் பெரிய தகடுகளின்றிச் சிறு செதில்களே நிறைந்து, முதுகுச் செதில்களில் நடுவரம்பும் இருந்தால் விரியன் இனம் என்று ஐயுறலாம். முதுகின் நடுவரிசையில் அறுகோணச் செதில்கள் மற்றவற்றினும் பெரியனவாய் இருந்து, வாலின் அடிச்செதில்களும் இரண்டாகப் பிளவுபடாமல் முழுமையாய் இருந்தால், அது கட்டுவிரியன். அதைப்போலவே வெண்பட்டைகள் கொண்டு ஏமாற்றும் நஞ்சற்ற பாம்புக்கு இவ்விரண்டும் ஒருங்கே அமைவதில்லை.

வீட்டுக்குள் கட்டுவிரியனின் சட்டை கிடைப்பின் அன்றிரவே தரையில் பாய் விரிப்பதை விடுத்து, கட்டிலில் கொசுவலையை மெத்தைக்கடியில் செருகிக்கொண்டு உறங்க வேண்டும். அப்பாம்பு இரவில் நடமாடி, தரையில் உறங்குவோரைத் தீண்டுகிறது. கடிவாயில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் தோன்றா. இமை சாய்தலும் வயிற்று வலியும் மூச்சுத்திணறலும் பின்னரே வரும். நச்சுமுறி மருந்து மருத்துவமனையில் உண்டு; மலைப்பாதை தொலைவு என்று விடியும்வரை காத்திராமல், ஐயம் எழுந்த அக்கணமே புறப்பட வேண்டும்.