உழைப்பாளியின் கடனும் சட்டசபைப் பிரதிநிதியும்

சங்கங்களைத் தணிக்கை செய்யச் செல்லுமிடங்களில் அங்கத்தினர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "நாங்கள் வாக்களித்து அனுப்பிய சட்டசபை அங்கத்தினர், எங்கள் கடன் பாக்கிக்கு ஒரு வழி செய்யக் கூடாதா?" என்பதே அது. பிரதிநிதி ஒருவரால் எதைச் செய்ய இயலும், எதைச் செய்ய இயலாது என்பதை விளக்க, அமெரிக்காவின் நியூயார்க் நகரத்து டாக்சி ஓட்டுநர்களுக்கு நேர்ந்ததை இங்கே எடுத்துரைக்கிறோம். அந்த வரலாற்றில் நாணயச் சங்கங்களுக்கும் பங்கு உண்டு. ஆதலால் அது நமக்கு அந்நியமானதன்று.

நியூயார்க்கில் மஞ்சள் டாக்சி ஓட்ட வேண்டுமானால், வண்டியின் முகப்பில் பதிக்கும் உரிமைத் தகடு ஒன்று வேண்டும். அதற்கு மெடாலியன் என்று பெயர். 1937ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் தகடுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியது. பின்னர்ச் சிறிது கூட்டிய போதிலும், அவை 14,000ஐ எட்டவில்லை. நிலத்தைப்போல் இத்தகட்டையும் விற்கலாம், வாங்கலாம், அடமானம் வைக்கலாம். பொருள் குறைவு, தேவை அதிகம். ஆகவே விலை ஏறிக்கொண்டே போயிற்று. 2014ஆம் ஆண்டு வாக்கில் ஒரு தகடு 10 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. வங்காளதேசம், பாகிஸ்தான், இந்தியா முதலிய நாடுகளிலிருந்து குடியேறிய ஓட்டுநர்கள் பலர், ஆயுட்காலச் சொத்து என்று நம்பிக் கடன்பட்டு அதை வாங்கினர்.

கடன் கொடுத்தவர்களுள் ஓட்டுநர்களுக்கென்றே நடந்துவந்த நாணயச் சங்கங்களும் இருந்தன. லோம்டோ என்னும் சங்கம் 1930களில் டாக்சி உரிமையாளர்கள் தங்கள் நலனுக்காகத் தாங்களே தொடங்கியதாகும். மெல்ரோஸ் என்பது இவ்வகையில் பெரியதொரு சங்கம். இச்சங்கங்கள் தங்கள் நிதியின் பெரும் பகுதியைத் தகடு என்னும் ஒரே ஈட்டின்மேல் முடக்கின. ஓட்டுநர் நாள்தோறும் எவ்வளவு ஈட்டுகிறார் என்று கணக்கிடாமல், தகட்டின் விலை என்ன என்பதையே பார்த்துக் கடன் வழங்கினர். அசலைக் குறைக்காது வட்டியை மட்டும் கட்டிவரும் கடன்களும் பல இருந்தன.

2011ஆம் ஆண்டு முதல் ஊபர் போன்ற கைப்பேசிவழி வாடகை வண்டிகள் பெருகின. டாக்சியின் வருமானம் குறைந்தது. தகட்டின் விலையும் சரிந்தது. கடன் மட்டும் சரியவில்லை. ஓட்டுநர் ஒருவரின் பாக்கி சராசரி 5 லட்சம் டாலருக்கு மேல் என்று அவர்களுடைய தொழிலாளர் சங்கம் கூறிற்று. 2018ஆம் ஆண்டில் ஓட்டுநர்கள் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டனர். மெல்ரோஸும் லோம்டோவும் அதே ஆண்டில் கலைக்கப்பட்டன. அவற்றிடம் இருந்த கடன் பத்திரங்கள் பல, 2020இல் மார்பிள்கேட் என்னும் முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு மாறின. அங்கத்தினரின் சங்கத்திற்குப் பட்ட கடன், முகமறியாத நிறுவனத்தின் சொத்தாயிற்று.

இந்நிலையில்தான் ஸோரான் மம்தானி என்பவர் சட்டசபைக்கு வந்தார். இவர் 1991ஆம் ஆண்டில் உகாண்டாவின் கம்பாலா நகரில் இந்திய வம்சாவளிப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஏழு வயதில் நியூயார்க்கிற்குக் குடிபெயர்ந்தவர். 2018இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். கடன் தவணை தவறி வீட்டை இழக்கும் நிலையில் இருந்த ஏழைக் குடும்பங்களுக்கு ஆலோசகராகப் பணிபுரிந்தவர். 2020ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று, குவீன்ஸ் பகுதியிலுள்ள அஸ்டோரியாத் தொகுதியின் பிரதிநிதியாக, 150 பேர் கொண்ட நியூயார்க் மாநிலச் சட்டசபையில் 2021 ஜனவரியில் அமர்ந்தார்.

ஆனால் டாக்சித் தகடு நகராட்சியின் அதிகாரத்திற்கு உட்பட்டது. கடனோ தனியார் ஒப்பந்தம். 150 பேரில் ஒருவர் தம் கையெழுத்தால் அதை அழிக்க இயலாது. ஓட்டுநர்கள் 2021 செப்டம்பரில் நகர மண்டபத்தின் முன் இரவுபகலாக அமர்ந்தனர். அக்டோபர் 20ஆம் நாள் உண்ணாவிரதம் தொடங்கினர். மம்தானியும் அவர்களோடு அமர்ந்து உணவை மறுத்தார். 15 நாட்கள் சென்றபின், நவம்பர் 3ஆம் நாள் நகராட்சியும் மார்பிள்கேட்டும் தொழிலாளர் சங்கமும் உடன்பாடு கண்டன.

அந்த உடன்பாட்டின் கணக்கை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். மார்பிள்கேட்டுக்குரிய கடன்களின் அசல் 2 லட்சம் டாலராகக் குறைக்கப்பட்டது. அதில் 30,000 டாலரை நகராட்சி மானியமாக அளித்தது. எஞ்சிய 1,70,000 டாலரை 5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளில் கட்ட வேண்டும். மாதத் தவணை 1,122 டாலர். ஓட்டுநர் தவறினால் நகராட்சியே ஜாமீன். 2022 ஆகஸ்டில் முடிவான ஏற்பாட்டில் வட்டி 7.3 சதவீதமாகவும், காலம் 25 ஆண்டுகளாகவும், தவணை 1,234 டாலராகவும் ஆயின. ஆக, கடன் முழுவதும் தள்ளுபடியாகவில்லை. உழைத்துக் கட்டக்கூடிய அளவுக்கு இறங்கியது.

சட்டசபையின் அதிகாரத்திற்கு உட்பட்ட காரியத்திலும் எல்லை உண்டு. மம்தானியும் பிறரும் முயன்றதன் பயனாக, 2023 செப்டம்பரில் நகரின் ஐந்து பஸ் தடங்களில் கட்டணமின்றிப் பயணம் செய்யும் சோதனை தொடங்கியது. பயணிகள் பெருகினர். எனினும் திட்டம் நீட்டிக்கப்படாமல் 2024 ஆகஸ்டு இறுதியில் நின்றது. 2025 நவம்பரில் நகர மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மம்தானி, 2026 ஜனவரியில் பொறுப்பேற்றார். அவருடைய கொள்கைகளை ஏற்போரும் மறுப்போரும் அங்கே உளர். அந்த வழக்கில் நாம் இறங்க வேண்டுவதில்லை.

நாம் அறிய வேண்டுவது இதுவே. பிரதிநிதியின் குரலுக்கு வலிமை தந்தது, ஒன்றுபட்டு நின்ற ஓட்டுநர்களின் சங்கம். அவர்களை அந்த இடத்திற்குக் கொண்டுவந்து நிறுத்தியதோ, திருப்பிக் கட்டும் சக்தியைப் பாராமல் ஈட்டின் விலையைப் பார்த்து வழங்கிய கடன். தறிக்கும் நிலத்திற்கும் இது பொருந்தும். நூல் கடனோ பயிர்க் கடனோ பெறுமுன், நெசவின் கூலியும் விளைச்சலின் வருவாயும் தவணைக்குப் போதுமா என்று கணக்கிடுங்கள். ஜாமீன் கையெழுத்திடுமுன் பத்திரத்தைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த மகாசபையில், நமது நிதி எந்தெந்த ஈட்டின்மேல் எவ்வளவு நிற்கிறது, தவணை கடந்த பாக்கி எவ்வளவு என்று நிர்வாகக் குழுவினரை வினவுங்கள். சட்டசபைக்குச் செல்லும் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருகிறது. சங்கத்தின் பேரேட்டைக் கேட்கும் உரிமை ஆண்டுதோறும் நம் கையில் இருக்கிறது.