ஹெவி லைசென்ஸ் கையில்... எந்த வண்டியில் ஏறுவது?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்து லோடு புக்கிங் ஆபீஸ்களில் இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு, ‘டிரைவர் கிடைக்கலைங்க’ என்பதுதான். வண்டி நிற்கிறது, லோடு இருக்கிறது, ஓட்டத்தான் ஆள் இல்லை. புதிதாக ஹெவி லைசென்ஸ் எடுத்த இளைஞருக்கு இது நல்ல காலம். நாலு இடம் விசாரித்து, பிடித்த வண்டியில் ஏறலாம். ஆனால், அப்படி விசாரிக்கிறவர்களில் பலரும் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கேபினில் கூட யார் வருவார்கள் என்று கேட்பதில்லை. உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி அதுதான்.

லைசென்ஸ் எடுப்பது இன்று பெரிய மலை இல்லை. இருபது வயது ஆகியிருக்க வேண்டும். இலகுரக வாகன லைசென்ஸ் வாங்கி ஓராண்டு கடந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி என்ற கட்டாயமும் 2019-இல் போய்விட்டது. பயிற்சிப் பள்ளிகளில் சொல்லித்தருவது பெரும்பாலும் காலி வண்டியில். 28 டன் மொத்த எடையோடு பத்துச் சக்கர லாரி இறக்கத்தில் எப்படித் தள்ளும் என்பதை அங்கே உணர முடியாது.

அதைச் சொல்லிக்கொடுத்தது கிளீனர் வேலை. டயரைக் கம்பியால் தட்டி, சத்தத்தை வைத்தே காற்று குறைந்திருப்பதைச் சொல்லிவிடுவார் கிளீனர். தார்பாய் விரித்து, கயிற்றை இழுத்துக் கட்டுவார். குறுகலான குடோன் வாசலில் பின்னால் நின்று ‘வரலாம்... வரலாம்... ஹோல்டான்’ என்று குரல் கொடுப்பார். எந்த மேட்டுக்கு எந்த கியர், எந்த தாபாவில் வண்டி போட்டால் டீசல் திருட்டு இருக்காது என்பதெல்லாம் வருடக்கணக்கில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே படித்த பாடங்கள். இன்று பெரும்பாலான லாரிகளில் அந்த சீட் காலி. நேஷனல் பர்மிட் லாரியில் குறைந்தது இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும் என்ற விதியும் 2018-இல் தளர்த்தப்பட்டது. ஒற்றை ஆளாக, மொழி தெரியாத மாநிலத்துக்கு, இரண்டாயிரம் கிலோமீட்டர். புதியவருக்குக் காத்திருப்பது இந்த வேலைதான்.

வேறு வழிகளும் உண்டு. ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றும் டிப்பரில் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் நடைக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்துவிட்டால், நாலு நடையை ஐந்தாக்கும் அவசரம் தானாக வந்துவிடும். துறைமுக கன்டெய்னர் டிரெய்லரில் ஓடும் நேரத்தைவிட வரிசையில் நிற்கும் நேரம் அதிகம்; டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது புதுக் கைக்கு எளிதும் அல்ல. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியில் போனால் வீடு திரும்ப மாதங்கள் ஆகும். கேஸ் டேங்கர் என்றால் அபாயகரமான சரக்குக்கான மூன்று நாள் பயிற்சியும் லைசென்ஸில் அதற்கான பதிவும் வேண்டும். அந்தத் தொழிலில் ஆள் கணக்கு எப்போதுமே சூடான விஷயம். 2025 மார்ச்சில் தென் மாநில கேஸ் டேங்கர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்கள் எதிர்த்த எண்ணெய் நிறுவன ஒப்பந்த நிபந்தனைகளில், மாற்று டிரைவரோ கிளீனரோ இல்லாவிட்டால் அபராதம் என்பதும் ஒன்று.

உரிமையாளர்கள் தரப்பில், டீசல், டோல், டயர், இன்ஷூரன்ஸ் போக மிஞ்சும் வாடகையில் இரண்டாவது ஆளுக்குச் சம்பளம் கட்டாது என்கிறார்கள். அது பொய்யில்லை.

அதற்காக டிரைவர் தூங்காமல் இருக்க முடியாது. பின்னிரவு இரண்டு மணியிலிருந்து விடியும்வரை உடம்பு கேட்பது தூக்கம் ஒன்றைத்தான். டீயும் பீடியும் புகையிலையும் கண்ணைத் திறந்து வைக்கும், மூளை உறங்கிவிடும். ஓரங்கட்டி நிற்கும் லாரியின் பின்னால் இன்னொரு லாரி போய் மோதியது என்று காலைச் செய்தியில் படிக்கும்போது, மோதியது எத்தனை மணிக்கு என்று பாருங்கள். 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம், ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்று எழுதி வைத்தது. ஐந்து தொழிலாளர்களுக்குக் குறைவாக வைத்திருந்தவர்கள் அதன் வரம்புக்குள்ளேயே வரவில்லை. ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் முதலாளிகளால் ஓடும் தொழிலில் இதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. இப்போது புதிதாகத் தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். நல்ல மாற்றம், வரவேற்கலாம். ஆனால் குளிர்ந்த கேபினும் தூக்கத்துக்கு ஈடாகாது.

தூக்கக் கலக்கத்தோடு மைலேஜ் கணக்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தொப்பூர் கணவாய் சாட்சி. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சாலையில், மிச்சமாகும் டீசல் தன் கணக்கில் சேரும் என்பதற்காக நியூட்ரலில் விடும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. கியரை எடுத்துவிட்டால் என்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. முழு எடையும் பிரேக்கின் தலையில். விடாமல் மிதிக்க மிதிக்க டிரம் சூடேறி, லைனிங் பிடிப்பை இழக்கிறது. வாசனை வரும்போது தாமதமாகிவிட்டிருக்கும். அனுபவசாலிகள் உச்சியிலேயே கியரைக் குறைத்து, வேகத்தை அடக்கி இறங்குவார்கள். பக்கத்தில் ஒரு மூத்த டிரைவர் இருந்தால் புதியவரின் கை நியூட்ரலுக்குப் போகாது.

ஆகவே, முதல் இரண்டு வருடம் கொஞ்சம் குறைந்த சம்பளமானாலும் இரட்டை டிரைவர் ஓடும் வண்டியில் ஏறுவதே சரி. குறிப்பிட்ட தடத்தில், குறிப்பிட்ட நேரத்தில் ஓடும் பார்சல் சர்வீஸ்கள் சிலவற்றில் அந்த ஏற்பாடு உண்டு. சிறு முதலாளியிடம் சேர்வதிலும் தப்பில்லை; முதலாளியே கூட ஓட்டினால் அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. விசாரிக்கப் போகும்போது, டெலிவரி லேட்டானால் படியில் பிடிப்பார்களா, ஓவர்லோடு ஃபைன் யார் தலையில், விபத்துக் காப்பீடு டிரைவரையும் சேர்த்தா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், ‘ராத்திரி நான் தூங்கும்போது வண்டியை யார் ஓட்டுவார்கள், இல்லை வண்டி எங்கே நிற்கும்?’ என்று கேளுங்கள். நேரான பதில் வராத இடத்தில் அட்வான்ஸ் வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் அது தீரும்வரை அந்த வண்டியை விட்டு இறங்க முடியாது.