மொழிபெயர்ப்பு வேண்டாத நகைச்சுவை

இதனைப் படிப்பவர்களுள் பெரும்பாலோர் தமிழகத்துக்கு வெளியே வாழ்கின்ற தமிழர்கள். வீட்டில் ஒரு மொழி, வீதியில் ஒரு மொழி, அலுவலகத்தில் மற்றொரு மொழி என்று பழகியவர்கள். பிறர் சிரித்து முடித்தபின் பக்கத்திலிருப்பவரிடம் காரணம் கேட்டறிந்து, அதன்பின் தாமும் சிரித்த அனுபவம் உங்களில் எவருக்கும் புதிதாயிராது. அவ்வாறு காலந்தாழ்த்திச் சிரிக்க வேண்டாதபடி, பல நாட்டாரையும் ஒரே நொடியில் சிரிக்கவைத்த ஊமைப்பட நடிகர் சார்லி சாப்ளினைப் பற்றி இங்கே சில சொல்ல விரும்புகிறேன்.

நான் அவரை முதன்முதலில் கண்டது பீர்மேட்டில். கோட்டயத்திலிருந்து குமுளிக்கு ஏறும் மலைப்பாதையில், ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில் இருப்பது அவ்வூர். பீர் முகமது என்னும் தமிழ்ச் சூஃபி ஞானியார் தங்கிய மேடு ஆதலால் அப்பெயர் பெற்றது என்பர். திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்த அப்பகுதி 1956இல் கேரள மாநிலத்தில் அமைந்தது. 1972இல் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்தது. தேயிலைத் தோட்ட வேலைக்காகக் கங்காணியின் பின்னே மலையேறிய தமிழ்க் குடும்பங்களுள் ஒன்று எங்களுடையது. லயத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த கதவு ஒரு மலையாளக் குடும்பத்துக்கு உரியது.

1980களின் இறுதியில், திருவிழாக் காலங்களில் தோட்டத்து இளைஞர்கள் பணம் திரட்டித் தொலைக்காட்சிப் பெட்டியும் ‘டெக்’கும் வாடகைக்குக் கொண்டுவருவார்கள். முதற்படம் தமிழா, மலையாளமா என்று ஆண்டுதோறும் சண்டை மூளும். ஓராண்டு சண்டை முற்றிப்போகவே, வாடகைக் கடைக்காரர் இனாமாகத் தந்திருந்த மூன்றாவது கேசட்டை ஒருவர் எடுத்துச் செருகினார். அது சாப்ளினின் ‘தி கோல்ட் ரஷ்’. பொன் தேடிப் பனிமலைக்குச் சென்றவர்களின் கதை. 1925இல் ஊமைப்படமாக வெளிவந்த அதற்கு, 1942இல் சாப்ளினே தம் குரலில் ஆங்கில விளக்கம் சேர்த்து மறுமுறை வெளியிட்டார். எங்களுக்குக் கிடைத்தது அந்தப் பிரதி. ஆங்கிலம் யாருக்கும் விளங்கவில்லை. யாரோ எழுந்து ஒலியை அடைத்துவிட்டார்கள். படம் பழையபடி ஊமையாயிற்று. அதனால் குறைவொன்றும் நேரவில்லை.

பனிப்புயலில் சிக்கிய குடிசையில் உண்ண ஒன்றுமில்லை. சாப்ளின் தம் காலணியொன்றை வேகவைக்கிறார். பதம் பார்க்கிறார், சாற்றை மொண்டு அதன்மேல் ஊற்றுகிறார், தட்டில் வைத்துப் பெரிய விருந்துக்கு அறுப்பதுபோல் அறுக்கிறார். மென்மையான மேல்தோல் உடனிருக்கும் பருத்த மனிதனுக்குப் போகிறது. ஆணிகள் நிறைந்த அடித்தோல் இவருக்கு. காலணிக் கயிற்றை முள்கரண்டியில் சுற்றிச் சேமியாபோல் உண்கிறார். ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, கோழியெலும்பைச் சப்புவதுபோல் சப்பித் தட்டின் ஓரத்தில் வைக்கிறார். தமிழர், மலையாளி என்ற பேதமின்றி அனைவரும் ஒரே கணத்தில் சிரித்தோம். என் அப்பத்தா மட்டும் சிரிக்கவில்லை. “என்னத்துக்குடா இப்படிச் சிரிக்கிறீக? அம்புட்டுப் பசியிலயும் அவன் மரியாதையாத்தான் திங்கிறான்” என்றாள். எழுத்தறியாத அவள் சொன்னதைக் காட்டிலும் மேலான விளக்கத்தைச் சாப்ளினைப் பற்றி எழுதப்பட்ட நூல்களில் நான் இன்னும் கண்டேனில்லை.

(அக்காலணி, அதிமதுரத்தாற் செய்த மிட்டாய். அக்காட்சியைப் படமாக்க மூன்று நாட்கள் ஆயின என்பர். அதிமதுரத்தின் குணம் நம் நாட்டு வைத்தியம் அறிந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு நடிகர்களின் வயிறும் அதை உடனே அறிந்துகொண்டன.)

பசி அவருக்குக் கற்பனைப்பொருள் அன்று. 1889 ஏப்ரல் 16இல் இலண்டனில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் மேடைப் பாடகர்கள். தந்தை குடியால் அழிந்து 1901இல் மறைந்தார். தாய்க்குக் குரலும் போயிற்று, பின்னர் மனநலமும் கெட்டது. ஏழு வயதில் சாப்ளின் ஏழைகள் விடுதியில் சேர்க்கப்பட்டார். தாய் நலமாயிருந்த நாட்களில் சன்னலருகே அமர்ந்து, தெருவிற் செல்வோரைப்போல் நடித்துக் காட்டி, அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள், மனத்தில் என்ன கவலை என்றெல்லாம் மகனுக்குச் சொல்வாராம். ஒருவனுடைய நடையிலேயே அவன் வரலாறு இருக்கிறது என்னும் பாடத்தை அவர் கற்றது அந்தச் சன்னலில்தான்.

அமெரிக்கா சென்று 1914இல் திரையில் தோன்றினார். தொளதொளத்த கால்சட்டை, இறுகிய கோட்டு, பெரிய காலணி, சிறிய தொப்பி, கைப்பிரம்பு, துண்டு மீசை. கால்சட்டை ஏழ்மையைச் சொல்கிறது. பிரம்பும் தொப்பியும் கனவானைச் சொல்கின்றன. ஒருவனே இரண்டும் ஆவான். அவ்வேடம் ஏன் அழியாமல் நின்றது என்று வியப்பவர்கள் இந்த முரணை நோக்க வேண்டும். வறியவனைக் கேலி செய்த நடிகர்கள் பலர் உண்டு. வறியவனிடமுள்ள மதிப்புணர்ச்சியைக் கொண்டே சிரிக்கவைத்தவர் இவர்.

அக்காலத்தில் ஊமைப்படம் எம்மொழியினருக்கும் பொதுச்சொத்தாக இருந்தது. திருச்சியில் ரயில்வே எழுத்தராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டிச் சென்றது திரைவரலாற்றில் பெயர்பெற்ற செய்தி. கொட்டகைகளில் திரைக்கருகே ஒருவர் நின்று, இடையிடையே வரும் எழுத்துகளைப் படித்துக் கதையை விளக்குவதும் உண்டு. மைய அரசில் மொழிபெயர்ப்புத் தொழில் செய்யும் எனக்கு அவர்களை என் முன்னோராகக் கருத விருப்பம். எனினும் சாப்ளின் படத்தில் அவர்களுக்கு அதிக வேலை இருந்திராது.

1931ஆம் ஆண்டு எல்லாவற்றையும் மாற்றிற்று. அக்டோபர் 31ஆம் நாள் ‘காளிதாஸ்’ வெளிவந்து தமிழ்த்திரை பேசலாயிற்று. அதில் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழ் பேசினார். கதாநாயகன் தெலுங்கு பேசினார். அதன்பின் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியே படம் என்றாயிற்று. நம் மொழியைத் திரையிற் கேட்டதில் நமக்குக் கிட்டிய இன்பம் பெரிது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் பீர்மேட்டு லயத்தில் ஆண்டுதோறும் நடந்த சண்டையின் விதையும் அதுதான்.

அதே 1931 ஜனவரி 30ஆம் நாள், அமெரிக்கா முழுவதும் பேசும்படம் கோலோச்சிக்கொண்டிருக்கையில், சாப்ளின் வசனமில்லாத ‘சிட்டி லைட்ஸ்’ படத்தை வெளியிட்டார். இசையும் சில ஓசைகளும் மட்டுமே சேர்த்தார். தாம் படைத்த நாடோடி ஒரு மொழியைப் பேசத் தொடங்கிவிட்டால் மற்ற மொழியாருக்கெல்லாம் அந்நியனாகிவிடுவான் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அப்படத்தின் ஒரு காட்சியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தெருவோரத்தில் பூ விற்கும் பெண்ணொருத்தி; கண் தெரியாதவள். நாடோடியைச் செல்வனென்று அவள் எண்ணிவிட வேண்டும். வசனமிருந்தால் இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடும். வசனமின்றி எப்படிச் சொல்வது? சாப்ளின் நெடுங்காலம் தவித்தார். இக்காட்சி 342 முறை படமாக்கப்பட்டது என்பது கின்னஸ் நூலில் ஏறிய செய்தி. முடிவில் கண்ட வழி இது. தெருவில் வண்டிகள் நெருங்கி நிற்கின்றன. அவற்றைக் கடக்க வழியின்றி நாடோடி, நின்றிருக்கும் ஒரு பெரிய காரின் ஒரு கதவால் நுழைந்து மறு கதவால் இறங்கி அதைச் சாத்துகிறான். கதவு சாத்தும் ஓசை கேட்டு, காரிலிருந்து ஒரு சீமான் இறங்கினான் என்று அவள் பூவை நீட்டுகிறாள். அவன் கடைசிக் காசைக் கொடுக்கிறான். மீதிச் சில்லறையை அவள் எடுப்பதற்குள் காரின் உண்மைச் சொந்தக்காரர் வந்து ஏறுகிறார், கதவு மறுபடி சாத்தப்படுகிறது, கார் போய்விடுகிறது. சீமான் சில்லறை வாங்காமலே போய்விட்டான் என்று அவள் நினைக்கிறாள். நாடோடி அவ்விடத்திலேயே மூச்சடக்கி நின்று, மெல்ல அடிவைத்து விலகுகிறான்.

நாம் கேளாத ஓர் ஓசையின்மேல் கதை முழுவதும் நிற்கிறது. அக்கதவொலியை அவள் செவியாற் கேட்கிறாள். நாம் அவள் முகத்தாற் கேட்கிறோம். இதனை எந்த மொழியிற் பெயர்ப்பது? பெயர்க்க என்ன இருக்கிறது?

1931 செப்டம்பர் 22இல் சாப்ளின் இலண்டனில் காந்தியடிகளைச் சந்தித்தார். அடிகள் அவருடைய படம் எதனையும் பார்த்திருக்கவில்லை. இயந்திரங்களைத் தாங்கள் ஏன் வெறுக்கிறீர்கள் என்பது சாப்ளினின் கேள்வி. பிறநாட்டு இயந்திரத்தைச் சார்ந்து வாழும் அடிமைத்தனமே தமக்கு ஒவ்வாதது என்னும் கருத்தில் அடிகள் விளக்கினார். ஐந்தாண்டுக்குப்பின் 1936இல் ‘மாடர்ன் டைம்ஸ்’ வந்தது. திருகுச் சாவியோடு ஓயாது திருகித் திருகிப் புத்தி பேதலித்த தொழிலாளியின் கதை. சந்திப்புக்கும் படத்துக்கும் நேர்த்தொடர்பு உண்டென்று நான் அறுதியிட்டுரைக்கவில்லை. ஆனால் அப்படத்தில் ஒன்றைக் கவனியுங்கள்: மனிதக் குரல் கேட்பதெல்லாம் இயந்திரங்களின் வழியாகவே. முதலாளி திரையில் தோன்றி அதட்டுகிறார், இசைத்தட்டு பேசுகிறது. தொழிலாளிக்குக் குரலில்லை.

இறுதியில் அவன் விடுதியொன்றில் பாடியாக வேண்டிய நிலை. பாட்டைச் சட்டையின் கைப்பட்டையில் எழுதி வைத்திருக்கிறான். கை வீசியதும் பட்டை கழன்று பறந்துவிடுகிறது. உலகம் இருபதாண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்த குரல் அப்போது எழுகிறது. அது எந்த மொழியும் அன்று. பிரெஞ்சுபோலவும் இத்தாலியமொழிபோலவும் ஒலிக்கும் வெற்றொலி. ஆயினும் மோதிரத்தைக் காட்டிப் பெண்ணை மயக்கும் கிழவனின் கதை முழுவதும் அவன் கைகளில் நமக்கு விளங்கிவிடுகிறது. எத்தனையோ கோப்புகளில் ஒவ்வொரு சொல்லையும் சரியாகப் பெயர்த்து, முடிவில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்காமற் போன நாட்களில் நான் அந்தப் பாட்டை எண்ணிக்கொள்வேன்.

1940இல் ‘தி கிரேட் டிக்டேட்டர்’ படத்தில் சாப்ளின் உண்மையாகவே பேசினார். இட்லரை எள்ளிய அப்படத்தில், சர்வாதிகாரி பொய் ஜெர்மன் மொழியில் வெறியோடு முழங்குகிறான். மொழிபெயர்ப்பாளர் குரலோ அவ்வளவையும் யூதர்களைக் குறித்து மேதகையவர் சற்றுப் பேசினார் என்ற அளவில் சாந்தமாகச் சுருக்குகிறது. சிரித்தேன், என் தொழிலை நினைத்துச் சற்று வெட்கமும் உற்றேன். படத்தின் முடிவில் வரும் நீண்ட சொற்பொழிவு நல்ல கருத்துகள் உடையது. பலர் அதனைப் போற்றுவர். என் உள்ளம் மட்டும் அதில் அவ்வளவாக ஈடுபடவில்லை. பேசியவர் சாப்ளின் என்னும் பெருந்தகை. நம் நாடோடி அங்கே இல்லை. அதன்பின் அவன் திரைக்கு வரவேயில்லை. 1952இல் அமெரிக்கா சாப்ளினுக்கு மறுநுழைவை மறுத்தது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்து 1977 டிசம்பர் 25இல் காலமானார்.

அவருடைய வழி நம் நாட்டிலும் தொடர்ந்தது. 1951இல் ‘ஆவாரா’ படத்தில் ராஜ்கபூர் அந்த நாடோடியை இந்தியனாக்கினார். 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் கமல்ஹாசன் சாப்ளின் செல்லப்பாவாக வேடமிட்டார். வேடத்தைவிட உயர்ந்தது, மறு ஆண்டு சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் அவர் நடித்த, வசனமேயில்லாத ‘பேசும் படம்’. கன்னடத்திலும் தெலுங்கிலும் இந்தியிலும் தலைப்பை மட்டும் மாற்றினார்கள். உள்ளே மாற்றவேண்டியது ஒன்றுமில்லை. நாகேஷை நினையாமல் இருக்கவியலாது. வாய்ப்பேச்சில் மின்னல் போன்றவர், 1994இல் ‘மகளிர் மட்டும்’ படத்தில் பிணமாக நடித்தார். இமை அசையாமல், உதடு திறவாமல், கொட்டகையைக் குலுங்கவைத்தார்.

2000ஆம் ஆண்டையொட்டிப் பீர்மேட்டுத் தோட்டங்கள் பல மூடப்பட்டன. தமிழ்க் குடும்பங்கள் பல மலையிறங்கின. இன்று கொழுந்து பறிப்போருள் ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்தவர்கள் உண்டு. அண்மையில் நான் சென்றபோது, எங்கள் பழைய வாசற்படியில் அப்படியொரு குடும்பத்துச் சிறுவன் கைப்பேசியில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். இரண்டு முள்கரண்டிகளில் இரண்டு ரொட்டிகளைக் குத்தி, அவற்றைக் கால்களாக்கி மேசைமேல் ஆடவைக்கும் காட்சி. அதே ‘கோல்ட் ரஷ்’. எனக்குத் தெரிந்த இந்தியில் அதன் வரலாற்றை அவனுக்கு எடுத்துரைக்கத் தொடங்கினேன். அவன் நிமிராமலே, விரலை உதட்டில் வைத்துக் காட்டினான்.